உடைவதற்கென்று ஒரு சக்கரம்

திங்கட்கிழமை உனக்குப் புனே ரயில். பெட்டி கட்ட நீ இங்கே வருவாய் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தாம்பரத்தில் நண்பனுடைய அறையிலிருந்தே கிளம்பிவிடுவாய். துணிமணி, சான்றிதழ்கள், அந்தக் கறுப்பு ஷூ எல்லாவற்றையும் அப்பாவிடம் கொடுத்தனுப்பச் சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தாய். கொடுத்தனுப்புகிறேன். பெட்டியைத் திறந்தால் இந்தத் தாள்கள்தான் மேலே இருக்கும். போனில் பேசியிருக்கலாம். போனில் நீ "சரிம்மா" என்று சொல்லிவிடுவாய். உன் "சரிம்மா"வுக்குப் பிறகு பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கேட்க நினைப்பது ஒன்றுதான். ரயிலேறுமுன் பிள்ளையார்பாளையத்துக்குப் போ. கஸ்தூரியின் வீட்டுக்கு. அவளும் அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் இருக்கும்போது, அந்தக் கியரைப் பற்றி உன் வாயால் சொல். எதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பக்கம். உனக்குத் தெரிந்த கதைதான். நீ அதை வேறு வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறாய். நான் நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அவள் வீட்டுக் கூடத்தில் பாதியை அந்த மெஷின் அடைத்துக்கொண்டிருக்கும். ஆள் உயரத்துக்கு ஒரு மர உருளை. பட்டு இழைகள் வரிசையாக வந்து அதில் சுற்றிச் சுற்றிப் பாவாகும். உருளையைச் சுழற்ற ஒரு மோட்டார். மோட்டாரிலிருந்து சைக்கிள் செயின். செயினுக்குப் பின்னால் இரண்டு கியர்கள். பெரியது வார்ப்பிரும்பு. சின்னது பழுப்பு நிற ஃபைபர். துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசின் ஊற்றி அழுத்திய பலகையில் வெட்டியது. ஏகாம்பரம் நெய்கிறார். நெய்வதற்கான பாவைச் சுற்றுவது கஸ்தூரி. தங்கள் தறிக்கு மட்டும் இல்லை, தெருவில் இன்னும் சில தறிகளுக்கும் அவள்தான்.

போன ஐப்பசியில், மழை நின்ற ஒரு காலையில், உடைந்த கியரைச் செய்தித்தாளில் பொதிந்துகொண்டு அவள் செவிலிமேட்டுக்கு நம் வீட்டைத் தேடி வந்தாள். டவுன் பஸ் நெரிசலில் நசுங்கி வந்த கோபம் வேறு. முன்னறையில் நீ ஒரு கம்ப்யூட்டரிலும் நான் ஒரு கம்ப்யூட்டரிலும் கியர்ப் பல் வரைந்துகொண்டிருந்தோம். பொட்டலத்தை உன் விசைப்பலகைமேலேயே வைத்தாள்.

"பாழாப்போன சக்கரம் எத்தன வாட்டிக்கா ஒடையும்? பாதி பாவுல படக்குனு நின்னுடுது. இவரு என்னைத் திட்றாரு. நான் சக்கரத்தத் திட்றேன். சக்கரம் யாரப் போய்த் திட்டும்?"

நீ சிரித்தாய். "இனிமே ஒடையாதுக்கா. நான் பண்ணித் தரேன்."

"ஒடைஞ்சா?"

"மீசைய எடுத்துடறேன்."

"மொதல்ல அது வரட்டும்டா, அப்பறம் எடுக்கலாம்."

நானும்தான் சிரித்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து குடிக்கும்போது திரையில் சுழலும் பல்லைப் பார்த்து, இதையா காலேஜ்ல சொல்லித் தராங்க என்று கேட்டாள். அவ்வளவு சாதாரணமான ஒரு காலை அது.

நீ நன்றாக உழைத்தாய். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். உடைந்த கியரில் பல்முனைகள் தேய்ந்திருந்தன. அதன் வெளிவிட்டத்தை நம்பினால் மாட்யூல், அதாவது பல்லின் அளவு, தப்பாக வரும் என்று நேரில் போய், இரண்டு அச்சுகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை அளந்து வந்தாய். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒன்று 3டி பிரின்டரில் அச்சடித்துப் பொருத்திப் பார்த்தாய். சாக்பீஸ் மாதிரி இருக்குது என்றாளாம் கஸ்தூரி. பல் பல்லோடு சேரும் இடத்தில் விட வேண்டிய மெல்லிய இடைவெளியை முதல் தடவையே சரியாக விட்டிருந்தாய். பிறகு திரையில் அந்தப் பல்லின்மேல் விசையை ஏற்றினாய். முறியக்கூடிய இடம் என்று காட்டப் பல்லின் வேரில் சிவப்பு வந்தது. வேரின் வளைவைப் பெரிதாக்கினாய். சிவப்பு குறைந்தது, போகவில்லை. ஃபைபரை விட்டுவிட்டு எஃகுக்கு மாற்றினாய். முழுக்க நீலம்.

"பாரும்மா, ஒரு புள்ளி செவப்பு இல்ல."

பார்த்தேன். பல் சரி. இடைவெளி சரி. அச்சோடு பூட்டும் சாவிப்பள்ளம் சரி. நானும் கியரைத்தான் பார்த்தேன், மெஷினைப் பார்க்கவில்லை. ஓரிக்கையில் ஒரு பட்டறையில் வெட்டிக்கொண்டு வந்தபோது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய். அழகாக இருந்தது. இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. நேற்று முன்தினம் பார்த்தேன்.

அன்று நாம் இருவரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கயிறு. கயிற்றில் இதே ஃபைபர் கியர்கள் கோத்துத் தொங்கின. மெஷின் செய்து கொடுத்தவர் மெஷினோடு சேர்த்தே கொடுத்தவை. ஆயுத பூஜைக்கு உருளைக்கும் மோட்டாருக்கும் வைக்கிற சந்தனம் குங்குமம் அவற்றுக்கும் வைத்திருந்தார்கள். எஃகுக் கியரை நீ மாட்டிய அன்று கஸ்தூரி அந்தக் கயிற்றைக் கழற்றி, இந்தக் குப்பையையும் எடுத்துக்கினு போ என்று உன்னிடம் கொடுத்தாள். உன் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மெஷினில் மற்ற எல்லாம் இரும்பு. அச்சு, செயின், பெரிய கியர், சட்டம். ஒன்றை மட்டும் ஒருவர் துணியால் செய்கிறார். செய்ததோடு நிற்காமல் அதற்கு மாற்றும் கையோடு கொடுத்துவிட்டுப் போகிறார். எதற்கு? நாம் கேட்கவில்லை. மலிவான சாமான் என்று நினைத்தோம். ஏகாம்பரமும் அப்படித்தான் நினைத்தார். கஸ்தூரியும்.

அது உடைவதற்காகச் செய்த கியர். செயின் வழுக்காது. இரும்பு வளையாது. ஏதாவது ஒன்று உள்ளே சிக்கினால் விட்டுக்கொடுக்க அந்த மெஷினில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு, விட்டுக்கொடுக்காத ஒன்றை வைத்தோம்.

பொங்கல் முடிந்து முகூர்த்தப் புடவைகளின் அவசரம். பாவு சுற்றும்போது நடுவில் நிறுத்தமாட்டார்கள், உனக்குத் தெரியும். நிறுத்தி ஓட்டினால் அந்த இடத்தில் இழையின் இழுப்பு மாறிப் புடவையில் குறுக்கே ஒரு கோடாக விழும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வாங்குகிறவர் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் இழை அறுந்தால் ஓட ஓடவே கையை நீட்டி எடுப்பார்கள். கஸ்தூரி மட்டும் இல்லை, அந்தத் தெருவே அப்படித்தான். அன்று அறுந்த இழை ஒன்று கியர்ப் பக்கம் போய்ச் சுற்றியது. அவள் கையை நீட்டினாள்.

ஏகாம்பரம் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து எதிர்ச் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்திருக்கிறார். அதுவரை கியர் ஓடியது. வலது ஆள்காட்டி விரலின் மேல்கணு போய்விட்டது. நடுவிரல் இருக்கிறது, மடங்கவில்லை. உன் கியரில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் தலையில் கை வைத்துச் சொன்னேன்: "நீ என்னடா பண்ணுவ? அவங்க கேட்டதத்தான நீ பண்ண." சொல்லும்போதே உன் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

போன வாரம் போனில், கஸ்தூரியைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டபோது நீ சொன்னாய்: "நான் என்னம்மா பண்றது? அவங்க கேட்டதத்தான பண்ணேன்."

என் வாக்கியம். நான் உனக்குக் கட்டிக் கொடுத்த சோறு மாதிரி அதையே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். கண்ணு, அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் உடையாத கியர் கேட்டார்கள், உண்மை. கேட்டவர்களுக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் நீயும் நானும் படித்தோம். இந்த வாக்கியத்தோடு நீ புனேவுக்குப் போனால் அது உன்னோடேயே இருந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வசதியாக இருக்கும். எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

நீ ஓடி ஒளிகிறவன் இல்லை. நம் தெரு மாரியம்மன் கோயிலில் பூஜை நேரத்துக்கு மேளமும் மணியும் அடிக்கிற மோட்டார் பெட்டி இருக்கிறதே, அதற்கு நீ கல்லூரியில் படிக்கும்போது கியர் செய்து கொடுத்தாய். பல் தடிமனாக இருக்கட்டும் என்று இரண்டு கியரிலும் எண்ணிக்கையைக் குறைத்தாய். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறி வேகம் கூடும் என்பதைப் பார்க்க மறந்துவிட்டாய். ஆடி வெள்ளி. கூட்டம். தீபாராதனை காட்டும்போது சுவிட்சைப் போட்டதும் மேளம் பிசாசு பிடித்தாற்போல் அடிக்க ஆரம்பித்தது. பூசாரி கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டே உன்னைத் தேடிக் கத்தினார்: "டேய், அம்மனுக்கே மூச்சு வாங்குதுடா! நிறுத்துடா!" சனம் முழுக்கச் சிரித்தது. நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாய். "தப்பு என்னுதுதான், நாளைக்குச் சரியா அடிக்கும்" என்று காதைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னாய். மறுநாள் சரியாக அடித்தது.

அன்று சிரிப்புக்கு முன்னால் நின்றாய். இன்று சிரிப்பில்லை. அதனால் கடினம் என்று புரிகிறது. அப்பாவும், விடு, பையன் போகட்டும், புது எடம், புதுசா ஆரம்பிக்கட்டும் என்கிறார். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொல்கிறார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நேற்று முன்தினம் நான் போனேன். கஸ்தூரி வாசலுக்கு உள்ளே சுவரோரமாக உட்கார்ந்து இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மெஷின் ஓடுகிற சத்தம். ஏகாம்பரம் பாவு சுற்றிக்கொண்டிருந்தார். எஃகுக் கியர் அதே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தது. இத்தனை நாளும் அதைக் கழற்றியிருப்பார்கள் என்று நான் எதை வைத்து நினைத்தேனோ தெரியவில்லை.

"வாக்கா. என்னா பாக்கற? உன் புள்ள பண்ண சக்கரம் நல்லா ஓடிக்கினுதான் இருக்குது. என் வெரலுதான் நின்னுபோச்சு."

கேலியாகத்தான் சொன்னாள். உட்காரப் பாய் நகர்த்தினாள். ஏகாம்பரம் உள்ளிருந்தே குரல் கொடுத்தார்: "அவளுக்குக் கவனம் இல்லக்கா. எத்தன வாட்டி சொல்லியிருக்கேன், அந்தப் பக்கம் கைய வுடாதன்னு. அவசரம். எல்லாத்துலயும் அவசரம்."

"ஆமாக்கா," என்றாள் கஸ்தூரி. "எம்மேலதான் தப்பு. வேற நெனப்புல இருந்துட்டேன்." கீரையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள். ஒப்பித்துப் பழகிய மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பாள், நாத்தனாரிடம் சொல்லியிருப்பாள், கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருப்பாள். அவளுக்கும் ஒரு வாக்கியம் கிடைத்திருந்தது. உன்னுடையது உன்னை விடுவிக்கிறது. அவளுடையது அவளைக் கட்டிப்போடுகிறது. இரண்டும் ஒரே பொய்யின் இரண்டு பக்கம்.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். பாவு பாதியில் இருக்குது என்றார் ஏகாம்பரம். நான் எழுந்து போய் எதிர்ச் சுவர் சுவிட்சை அணைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு புடவைக்குக் கோடு விழ வைத்துவிட்டேன்.

கஸ்தூரியிடம் கேட்டேன். பழைய கியர் எப்போதெல்லாம் உடைந்தது?

"அதையா எண்ணி வெச்சிக்கினு இருப்பாங்க?" என்றாள். பிறகு ஞாபகம் வந்து, சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். "ஒருவாட்டி எம் முந்தான மாட்டிக்கிச்சி. இடுப்போட இழுத்துச்சிக்கா, நான் கத்தறேன், படக்குன்னு சக்கரம் ஒடைஞ்சி நின்னுச்சி. புதுப் பொடவ, கிழிஞ்சதுதான் மிச்சம். இன்னொருவாட்டி தொடைக்கிற துணி. அப்பறம் இவரு தங்கச்சி பொண்ணு வந்திருந்தாளே, அவ பின்னலு உள்ள போயி..."

நிறுத்தினாள்.

கையில் இருந்த கீரைத் தண்டைக் கீழே வைத்தாள். நான் இதைச் சொல்லத்தான் போயிருந்தேன், தேவைப்படவில்லை.

"அப்ப அது ஒடைஞ்சது எங்களுக்காவா?"

ஆமாம் என்றேன். பழைய கியர் இருந்திருந்தால் விரல் முழுசாகத் தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. நகம் போயிருக்கலாம், காயம் பட்டிருக்கலாம். அதையும் சொன்னேன். ஆனால் நின்றிருக்கும். அவர் குழியிலிருந்து ஏறி வரும்வரை ஓடியிருக்காது.

ஏகாம்பரம் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னாக்கா பேசற? ஒடையறதுக்குன்னு யாராவது சாமான் பண்ணுவாங்களா? ஒடையாதது தப்பு, ஒடையறது சரின்னா, நாளைக்கு அறுந்துபோற நூலுதான் நல்ல நூலுன்னு சொல்லுவியா?" அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய வேலையில் அறுவது என்றால் நட்டம்தான். பிறகு கொஞ்சம் அடங்கி, "உன் புள்ளய காப்பாத்த வந்துட்டன்னு நெனச்சேன். நீ அவன மாட்டி வுடற மாதிரி பேசற" என்றார்.

கஸ்தூரி எழுந்தாள். மெஷின் பக்கம் போனாள். மோட்டாரை இடது கையால் பின்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே, முட்டியால் செயினை ஓரமாகத் தள்ளினாள். கழன்று விழுந்தது. ஏகாம்பரம் ஏய் ஏய் என்றார். "சைக்கிள் செயின் கழட்டத் தெரியாதவளா நானு?" என்று சொல்லிவிட்டு, எண்ணெய் மசி சொட்டச் சொட்ட அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"இத நீ வெச்சிரு. உன் புள்ளகிட்ட குடுத்தனுப்பு."

"நான் சொன்னது போதாதா கஸ்தூரி?"

"எனக்குப் போதும். இவருக்குப் போதாது. இவரு அம்மாவுக்கு, தங்கச்சிக்கு, தெருவுக்குப் போதாது. பண்ணவன் வந்து, இவரு காதுல விழற மாதிரி சொல்லணும், கஸ்தூரி கையில தப்பு இல்லன்னு. நீ சொன்னா பொம்பளைங்க ரெண்டு பேரு கூடிப் பேசிக்கிட்டாங்கன்னு போயிடும்."

படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னாள். "அவன் வந்தா திட்டுவேன்க்கா. நல்லா திட்டுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

பஸ்ஸில் அந்தச் செயினை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். புடவையெல்லாம் மசி. அது இந்தப் பெட்டியில்தான், துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

அதனால் இப்போது அந்த வீட்டில் மெஷின் நிற்கிறது. சுற்றாத பாவு நிற்கிறது. அதை நம்பியிருக்கிற தறிகளுக்கு இன்னும் சில நாளில் தெரிந்துவிடும். ஏகாம்பரம் பெரிய தெருவுக்குப் போய் வேறு செயின் வாங்கி மாட்டிவிட முடியும். கடினமான காரியம் இல்லை. கஸ்தூரி அவரைத் தடுத்து வைத்திருக்கிறாள். எத்தனை நாள் தடுப்பாள் என்று தெரியாது. அடிபட்ட அந்தக் கையைக் காட்டித்தான் தடுக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

செய்ய வேண்டியதில் என் பங்கைச் செய்துவிட்டேன். கியர்கள்மேல் ஒரு தகட்டு மூடி. வெல்டிங் பட்டறையில் சொல்லியாகிவிட்டது. கை எட்டும் இடத்தில் ஒரு சிவப்பு சுவிட்சு. எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார். இழுப்பறையில் இருந்து பழைய கியர் ஒன்றை எடுத்து அப்படியே மாட்டிவிடலாம். முதலில் அதைத்தான் நினைத்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் வருஷக்கணக்கில் தொங்கியதில் அடுக்குகள் விரிந்திருக்கின்றன. இனி எதில் உடையும், எதில் உடையாது என்று சொல்ல முடியாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

உன் கோப்பைத் திறந்து வரைய ஆரம்பித்தேன். அதே மாட்யூல், அதே பல் எண்ணிக்கை. நீ பெரிதாக்கிய வேர் வளைவைத் திரும்பக் குறைத்தேன். நைலானில் அச்சடிக்கலாம் என்று இருக்கிறேன். ஒரே ஒரு எண்ணில் நின்றுவிட்டேன். எவ்வளவு விசையில் அந்தப் பல் முறிய வேண்டும்? பாவின் இழுப்பைத் தாங்க வேண்டும், இல்லையென்றால் வேலைக்கு ஆகாது. ஒரு கை சிக்கினால் தாங்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது அந்த எண். நம் புத்தகங்களில் பல் எவ்வளவு தாங்கும் என்று பக்கம் பக்கமாக அட்டவணை இருக்கிறது. கஸ்தூரி எவ்வளவு தாங்குவாள் என்று இல்லை. பாவின் இழுப்பை அவள் வீட்டில், அவள் உருளையில், கொக்கித் தராசு மாட்டித்தான் அளக்க வேண்டும். முழுப் பாவு ஏறும்போது எவ்வளவு கனக்கும், எந்தப் பட்டுக்கு எவ்வளவு இழுக்கும் என்று அவளிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என்னால் அளக்க முடியாது என்பதால் இல்லை. நான் நிரப்பினால் நீ அங்கே போகமாட்டாய்.

கியரை வாழ்க்கைக்கு உவமையாக்கி உனக்கு அறிவுரை சொல்லலாம். விட்டுக்கொடுக்கிற பல், இடைவெளி, இன்னும் என்னென்னவோ. எனக்கு அது பிடிக்கவில்லை. கியர் கியர்தான். விரல் விரல்தான். அந்த விரலால்தான் அவள் அறுந்த இழையின் இரண்டு முனையையும் சேர்த்து உருட்டி ஒட்டுவாள். இப்போது கட்டைவிரலையும் மடங்காத நடுவிரலையும் வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். ஒட்டுகிற இழைகளில் பாதி விட்டுப்போகிறது. அன்று நான் கிளம்புமுன் ஒன்றை ஒட்டிக் காட்டினாள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விட்டுப்போனது. மறுபடி எடுத்தாள்.

புனேவில் உனக்குக் கியர்கள் படமாக வரும். எந்த மெஷினுக்கு என்றுகூட சில நேரம் தெரியாது. அந்த மெஷினுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள், எந்தக் கையை எங்கே நீட்டுகிறார்கள், எதற்காக நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள், ஒன்றும் தெரியாது. சிவப்பை நீலமாக்கித் தரச் சொல்வார்கள். ஆக்குவாய், அதுதான் வேலை. ஆனால் ஒருவர் வந்து இது அடிக்கடி உடைகிறது என்று சொன்னால், எப்படி உடையாமல் செய்வது என்று யோசிப்பதற்கு முன்னால், உடைந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்று கேள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும், வேலை தெரியாதவன் என்று நினைப்பார்கள். கேள். கஸ்தூரி அன்று நம் வீட்டில் காப்பி குடிக்கிற நேரத்துக்குள் சொல்லி முடித்திருப்பாள்.

அவர்களிடம் நீ நீளமாக எதுவும் பேச வேண்டாம். வேர் வளைவு, விசை, எஃகின் தரம், எதுவும் வேண்டாம். மன்னிப்புக்கூட முதலில் கேட்காதே. கேட்டால் பரவால்லபா என்று சொல்லி உன்னை அனுப்பிவிடுவார்கள், அந்த வீட்டு மனுஷர்கள் அப்படி. ஏகாம்பரம் இருக்கிறாரா என்று பார். அவர் தறிக்குழியில் இருந்தால் ஏறி வரச் சொல். அவர் முகத்தைப் பார்த்து, பழைய சக்கரம் நிற்பதற்காகச் செய்தது, நான் தெரியாமல் அதை எடுத்துவிட்டேன், அக்கா கையில் தப்பு இல்லை என்று சொல். தெருவுக்குக் கேட்டாலும் கேட்கட்டும். பிறகு எஃகுக் கியரைக் கழற்று. பிறகு தராசை எடு.

நான் கூட வரமாட்டேன். வந்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் மறுபடியும் எதையாவது சொல்லி உன்னை எழுப்பிக் கூட்டிவந்துவிடுவேன். என்னை நம்பாதே இந்த ஒரு விஷயத்தில்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்பார்கள். நீ செருப்பைக் கழற்றும்போதே கஸ்தூரி ஆரம்பித்துவிடுவாள். அவளுடைய வாய் உனக்குத் தெரியும். மீசையையும் விடமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். வாசலிலேயே நின்றுவிடாதே. அவள் திட்டிக்கொண்டே இருக்கட்டும்.

நீ உள்ளே போ.